ஏலத்தில் போன முகமூடி

எங்கள் பட்டறையில் என் வேலை குறை கண்டுபிடிப்பது. கல்யாணமான நாளிலிருந்து வீட்டிலும் அதைத்தான் செய்கிறாய் என்பார் என் கணவர். அருமனையிலிருந்து உள்ளே போகும் சாலையில், ரப்பர் மரங்களுக்கு நடுவே, தகரக் கூரை போட்ட சின்ன வார்ப்புப் பட்டறை எங்களுடையது. அவர் ரப்பரை அச்சில் வைத்து பிரஸ்ஸில் அழுத்தி வேக வைப்பார். வெளியே வரும் உருப்படியை நான் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, குமிழ் உண்டா, கீறல் உண்டா என்று பார்த்து நோட்டில் எழுதுவேன். லாரிக்கு புஷ், இனயம் பக்கத்து மீன்பிடி வள்ளங்களின் எஞ்சினுக்கு வாஷர், வாசலில் போடும் மிதியடி, இவ்வளவுதான் எங்கள் சரக்கு. இதற்குள் பட்டாளம் எங்கிருந்து வந்து நுழைந்தது என்று இன்றைக்கும் சில காலைகளில் எனக்கு ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

வளைகுடாவில் என் கணவரோடு ஒரே அறையில் தங்கி வேலை பார்த்த ஒருவர் மூலமாகத்தான் வந்தது. பெங்களூரில் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து நடத்தும் ஒரு சிறு நிறுவனம். ராணுவத்துக்குப் புதுக் கருவிகளைக் கண்டுபிடிக்கச் சின்னக் கம்பெனிகளுக்கும் அரசாங்கம் வாய்ப்புக் கொடுக்கிறதாம். அதில் அவர்களுக்கு ஒரு வேலை கிடைத்திருந்தது: விஷ வாயுவுக்கு எதிரான முகமூடி. வெளிநாட்டு முகமூடிகள் வெளிநாட்டுக்காரர்களின் மூக்கு, தாடை அளவுக்குச் செய்யப்பட்டவை, நம் ஆட்கள் போட்டால் கன்னத்தோரம் காற்று புகுகிறது என்றார்கள். நம் முகத்துக்குப் பொருந்துகிற ஒன்றை வார்க்க வேண்டும். அவர்கள் வடிவம் வரைவார்கள், ஒரு கல்லூரி ஆய்வுக்கூடம் ரப்பர் கலவையைச் சொல்லும், நாங்கள் வார்த்துக் கொடுக்க வேண்டும். அவர்கள் இதை 'ஆராய்ச்சிக் கூட்டு' என்றார்கள். பத்தாம் வகுப்போடு நின்ற நானும் ஆராய்ச்சிக்காரியானேன்.

ரகசிய ஒப்பந்தம் ஒன்று வந்தது. என் கணவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூன்று நாள் அதை வாசித்தார். பிறகு போன் பண்ணி, "வீட்டுக்காரியிட்ட சொல்லலாமா சார்?" என்று கேட்டார். மனைவியும் அங்கே வேலை செய்கிறார் என்றால் அவரும் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். கல்யாணத்தன்று கோயில் ரெஜிஸ்டரில் போட்டதற்குப் பிறகு நான் போட்ட பெரிய கையெழுத்து அதுதான். பட்டறையில் நடப்பதை வெளியே பேசக் கூடாது, குறைபட்ட உருப்படிகளை நான்காக வெட்டி அழித்துப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று அதில் இருந்தது. வாசித்தேன், புரிந்தது, கையெழுத்துப் போட்டேன். புரிந்தது என்றுதான் அப்போது நினைத்தேன்.

இங்கே எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் கிறிஸ்தவச் சபையில் அறுப்பின் பண்டிகைக்கு ஒவ்வொரு வீட்டிலிருந்தும் முதற்பலன் கொண்டு போவோம். முதல் வாழைக்குலை, முதல் சக்கை என்கிற பலா, முதன்முதலாக முட்டையிட்ட கோழி. ஆராதனை முடிந்ததும் அதையெல்லாம் கோயில் முற்றத்தில் வைத்து ஏலம் விடுவார்கள். வயல், தோட்டம் இல்லாத நாங்கள் எதைக் கொண்டு போவது? புதிதாக ஓர் அச்சு வந்தால் அதில் வார்த்த முதல் உருப்படியை எடுத்து வைத்துவிடுவேன். முதல் புஷ் போயிருக்கிறது. முதல் மிதியடி போயிருக்கிறது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. தொழில் தெரிந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், முதல் வார்ப்பு ஒருநாளும் சரியாக வராது. அச்சு முழுச் சூடு ஏறியிருக்காது, காற்று உள்ளே மாட்டிக்கொள்ளும். ஆக இத்தனை வருஷமாகக் கர்த்தருக்கு நான் பக்தியோடு கொடுத்து வந்தது எல்லாமே கழிவு. அவரும் பெரிய மனதோடு வாங்கிக்கொண்டிருந்தார்.

முகமூடியின் முதல் வார்ப்பு பண்டிகைக்கு முந்தைய வாரம் வந்தது. தாடைக்குக் கீழே பட்டாணி அளவுக்கு ஒரு குமிழ். உள்பக்கம் 1 என்று எண் பதிந்திருந்தது. அடுத்த ஐந்தும் நன்றாக வந்தன, அவற்றை எடுத்துக்கொண்டு என் கணவர் பெங்களூருக்கு ரயில் ஏறினார். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் அந்த முதலாவதைத் தேய்த்துக் கழுவி, பவுடர் போட்டு, துணிப்பையில் வைத்துக் கோயிலுக்குக் கொண்டு போனேன். எனக்கு ஒரு நொடிகூடச் சந்தேகம் வரவில்லை. ரகசியம் என்றால் வாயால் சொல்லக் கூடாது, அவ்வளவுதானே? நான் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஏலம் விடுகிற கமிட்டிக்காரர் அதை வெளியே எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்ணுக்கு இரண்டு பெரிய ஓட்டை, வாய்க்கு முன்னால் ஒரு வட்ட ஓட்டை.

"இது என்னதும்மா?"

"ஒரு ரப்பர் சாதனம்" என்றேன்.

"ஆனமூஞ்சி!" என்று கூட்டத்தில் யாரோ கத்தினார்கள். முற்றமே சிரித்தது. எங்களுக்குப் பக்கத்துத் தோட்டத்து அண்ணன் கையைத் தூக்கினார். தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்து, தானே ரப்பர் பால் வெட்டி, அதை உறைய வைத்துத் தானே ஷீட் அடிக்கிறவர். என்னைக் கிண்டல் பண்ணுவதற்கென்றே கர்த்தர் பக்கத்தில் குடிவைத்த மனுஷன். வேறு இரண்டு பேர் வேடிக்கைக்கு விலையை ஏற்றிவிட்டும் அவர் விடவில்லை, ஏலத்தில் எடுத்தே விட்டார். எடுத்ததும் அதை முகத்தில் மாட்டிக்கொண்டு சிறு பிள்ளைகளைத் துரத்தினார். நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

சபை வாட்ஸ்அப் குழுவில் யாரோ படம் போட்டார்கள். அந்தக் குழுவில் என் கணவரும் உண்டு. மறுநாள் காலை பெங்களூரில், அந்த நிறுவனத்துப் பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது அவர் அதைத் திறந்து பார்த்திருக்கிறார். எழுந்து வெளியே போய் என்னைப் போனில் கூப்பிட்டார். அந்தக் குரலை அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை.

"ஏட்டி, நீ என்ன காரியம் செஞ்சு வச்சிருக்க?"

"என்ன செஞ்சேன்?"

"பட்டாளத்துச் சாமான கோயில்ல ஏலம் விட்டிருக்க. செயிலுக்குப் போவணுமா நாம?"

எனக்கு அப்போதுதான் தலையில் இடி விழுந்தது. கையில் இருந்த பாத்திரத்தைக் கீழே வைக்க இடம் தெரியாமல் அப்படியே நின்றேன். குழுவில் படம் போட்டவரைக் கெஞ்சி அழிக்க வைத்தேன். பிறகு தோட்டத்து அண்ணன் வீட்டுக்கு ஓடினேன். அவர் ஷீட் அடிக்கிற புரைக் கொட்டகையில், வாசல் ஆணியில் முகமூடி தொங்கிக்கொண்டிருந்தது.

"கோயில்ல ஏலம் பிடிச்ச சாதனத்த ஆராவது திரிச்சுக் கேப்பாளா? நீ தெய்வத்துக்குக் குடுத்தா, தெய்வம் எனக்குத் தந்தாரு. கணக்குத் தீந்துது" என்றார்.

"விளையாடாதிய அண்ணா. அது பட்டாளத்துக்கு உள்ளது. வெளிய தெரிஞ்சா எங்க பொழப்பு போவும்."

இதைச் சொன்னதுதான் நான் செய்த இரண்டாவது முட்டாள்தனம். அதுவரை அது அவருக்கு ஆனமூஞ்சி. அந்த நிமிஷத்திலிருந்து பட்டாளத்து மாஸ்க். அவர் முகம் மாறிவிட்டது. தருவதற்கு அவருக்கு இன்னும் மனசில்லாமல் போயிற்று. கடைசியில் அவர் மனைவி வந்தார், நான் அக்கா என்று கூப்பிடுகிறவர். "சரி, அது இங்கயே கெடக்கட்டு. வெளிய எடுக்கப்பிடாது. நீங்களும் இதப் பத்தி ஆரிட்டயும் பறயப்பிடாது" என்று இரண்டு பேருக்கும் பொதுவாகத் தீர்ப்பு சொன்னார். அண்ணன் பைபிளில் கை வைக்காத குறையாக ஒத்துக்கொண்டார். நானும் நிம்மதியாக வீட்டுக்கு வந்து பதிவேட்டைத் திறந்து எழுதினேன்: 'எண் ஒன்று. தாடையில் குமிழ். அழிக்கப்பட்டது.' என் கையெழுத்து நல்ல முத்து முத்தாக இருக்கும்.

என் கணவர் திரும்பி வந்து அதைப் பார்த்தார். பதிவேட்டை மூடி அலமாரியில் வைத்தார். அவரையும் குறை சொல்வதற்கில்லை, அந்த ஒரு வேலையை நம்பித்தான் புது பிரஸ் வாங்கியிருந்தோம்.

சில மாதங்கள் கழித்துப் பெங்களூரிலிருந்து ஓர் எஞ்சினியர் வந்தார். முப்பது வயதிருக்கும். சென்னையில் பிறந்து வளர்ந்தவர், நாங்கள் பேசுகிற தமிழ் பாதிதான் அவருக்குப் புரியும். "வெள்ளம் வேணுமா தம்பி?" என்று கேட்டபோது மிரண்டு போய் வாசலைப் பார்த்தார். குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்றுதான் கேட்டேன் என்று விளக்கினேன். நல்ல பிள்ளை, சிரித்துவிட்டார். முகமூடி பலவித முகங்களில் பொருந்துகிறதா என்று சோதிக்கத்தான் வந்திருந்தார்.

அந்தச் சோதனை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பட்டறை மூலையில் பிளாஸ்டிக் ஷீட்டால் ஒரு கூடாரம். உள்ளே பஞ்சில் ஒரு திரவத்தை நனைத்துத் தொங்க விடுவார். அது வாழைப்பழ வாசனை அடிக்கும். முகமூடி போட்டவர் உள்ளே நின்று தலையை ஆட்ட வேண்டும், குனிய வேண்டும், கொடுத்த பத்தியை உரக்க வாசிக்க வேண்டும். வாழைப்பழ மணம் மூக்கில் ஏறினால் எங்கோ இடைவெளி இருக்கிறது என்று அர்த்தம். ஏறாவிட்டால் முகமூடி முகத்தோடு ஒட்டியிருக்கிறது. எங்கள் ஊர்க்காரர்களிடம் போய் வாழைப்பழச் சோதனை! முதலில் முகமூடி இல்லாமல் முகர்ந்து பார்த்துவிட்டு ஆளுக்கொரு தீர்ப்பு சொன்னார்கள். மட்டிப் பழம் என்றார் ஒருவர். செந்துளுவன் என்றார் இன்னொருவர். அது பழமே இல்லை, பழ மிட்டாய் என்றார் மூன்றாமவர். எஞ்சினியர் தம்பி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

நீள முகம், ஒட்டின கன்னம் உள்ள ஆள் ஒருவர் வேண்டும் என்றார். தோட்டத்து அண்ணனைத் தவிர யார்? நானே போய்க் கூட்டி வந்தேன். வருகிற வழியில் அவர் கையைப் பிடித்து நிறுத்திச் சொன்னேன்.

"அண்ணா, உங்க வீட்டுல கெடக்குததப் பத்தி ஒத்த வார்த்த பறயப்பிடாது. அந்தத் தம்பியிட்ட ஒண்ணும் கேக்கவும் செய்யாதிய."

"நான் வாயத் தொறப்பனா மக்கா? பேடிக்காத" என்றார்.

திறக்கவே இல்லை. சொன்ன சொல்லை அப்படிக் காப்பாற்றினார். கூடாரத்துக்குள் நின்று, கொடுத்த பத்தியை விட்டுவிட்டு ஒரு கீர்த்தனை முழுவதையும் பாடினார். "மணக்குதா சார்?" என்று தம்பி கேட்கக் கேட்க, இல்லை இல்லை என்று கையை ஆட்டினார். கடைசியில் முகமூடியைக் கழற்றச் சொன்னபோது அந்த மணம் மொத்தமும் முகத்தில் மோதியது. அவர் அப்படியே அசந்து நின்றார். "இவ்வளவு நேரமும் இது இதுக்குள்ளயா இருந்துது? எனக்கு ஒரு தரி மணக்கல்லியே!" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

அன்று மத்தியானம் சாப்பாட்டின்போது, முகமூடிக்கு முன்னால் திருகி மாட்டுகிற தகர டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்று தம்பியிடம் கேட்டேன். "தேங்காய்ச் சிரட்டைக் கரிதான் அக்கா. நீராவியில பதப்படுத்தி, மருந்து ஏத்தி, அதுக்கு முன்னாடி ஒரு வடிகட்டி வச்சிருப்போம்" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. சாயங்காலம் வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற அண்ணனிடமும் அக்காவிடமும் சொன்னேன்: "அதுக்குள்ள என்ன இருக்குன்னு தெரியுமா? நம்ம சிரட்டக் கரி! அதுதான் விஷத்தப் பிடிச்சு நிறுத்துது." நீராவியையும் மருந்தையும் வடிகட்டியையும் நான் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று இல்லை. சொன்னால் பெருமை குறையும், அவ்வளவுதான்.

இரண்டு நாள் கழித்து, காலை பத்து மணி இருக்கும். தம்பி தன் சாமான்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்துத் தோட்டத்திலிருந்து அக்காவின் அலறல் கேட்டது. நானும் என் கணவரும் தம்பியும் வேலியைத் தாண்டி ஓடினோம்.

ஷீட் அடிக்கிற புரைக்குப் பின்னால் கழிவுவெள்ளம் போய் விழுகிற தொட்டி இருக்கிறது. ஆளுயரத்துக்கு மேல் ஆழம், மேலே கான்கிரீட் பலகை. மழைக்கு முன்னால் அடியில் தங்கின சேற்றை அள்ள வேண்டும். ஒவ்வொரு வருஷமும் பலகைகளை எடுத்து இரண்டு மூன்று நாள் திறந்து போட்டு, நாற்றம் அடங்கின பிறகுதான் இறங்குவார். இந்த வருஷம் ஒரு பலகையை மட்டும் விலக்கி, அப்போதே இறங்கியிருக்கிறார். அவரிடம்தான் பட்டாளத்து மாஸ்க் இருக்கிறதே.

அக்கா தொட்டி வாயில் முட்டி போட்டுக் கிடந்தார். கையில் கயிறு. அதன் ஒரு முனை ரப்பர் மரத்தில், மறுமுனை உள்ளே இருந்தவர் இடுப்பில். இறங்கவே வேண்டாம் என்று சண்டை போட்டும் கேட்காததால், இதையாவது கட்டு என்று அக்காதான் கட்டிவிட்டிருக்கிறார். உள்ளே எட்டிப் பார்த்தேன். அண்ணன் சேற்றில் ஒருச்சாய்ந்து கிடந்தார். முகம் தெரியவில்லை, முகமூடிதான் தெரிந்தது.

"வலி! வலி!" என்று கத்தினார் அக்கா.

கயிற்றுக்குப் பக்கத்தில் முதலில் போய்ச் சேர்ந்தவர் சென்னைத் தம்பி. அவர் கயிற்றைத் தொடாமல் அக்காவின் தோளைப் பிடித்து, "எங்கே வலிக்குது? நெஞ்சா? உட்காருங்க, உட்காருங்க" என்றார். அக்கா இன்னும் வெறி பிடித்ததுபோல "வலியும்! வலியும் தம்பி!" என்றார். எங்கள் ஊரில் வலி என்றால் இழு. அது அந்தப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? நாலைந்து நொடிதான் இருக்கும். உள்ளே ஒரு மனுஷன் மூச்சில்லாமல் கிடக்க, வெளியே இரண்டு தமிழ் ஒன்றையொன்று வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்ற அந்த நாலைந்து நொடியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். "இழுங்க! கயித்த இழுங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

என் கணவர் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு உள்ளே குதிக்கப் போனார். தம்பி ஒரே பாய்ச்சலில் அவர் இடுப்பைக் கட்டிப் பிடித்துக் கீழே தள்ளினார். "இறங்காதீங்க! உள்ள காத்தே இல்ல. இறங்கினா நீங்களும் போயிடுவீங்க!" அவர் தள்ளியிராவிட்டால் இன்றைக்கு நான் இதை எழுதுகிற நிலைமையில் இருக்க மாட்டேன். நான்கு பேரும் கயிற்றைப் பிடித்து இழுத்தோம். சேறு அவரை விடவில்லை. பிறகு ஒருவழியாக விட்டது. மேலே கொண்டு வந்து மண்ணில் கிடத்தினோம்.

அப்போதுதான் தம்பி அந்த முகமூடியைப் பார்த்தார். கண் ஓட்டைகளில் தெளிவான பிளாஸ்டிக் தாள் வெட்டி ஒட்டியிருந்தது; முன்னால் இருந்த வட்ட ஓட்டையில் ஒரு பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலின் கழுத்துப் பகுதி கம்பியால் இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. அடியில் ஓட்டை போட்ட அந்தப் பாட்டில் நிறைய, கழுவி உடைத்துச் சலித்த சிரட்டைக் கரி. எவ்வளவு சுத்தமான வேலை. தம்பி வாரைப் பிடித்து முகமூடியைக் கழற்றியபோது அது திரும்பி, உள்பக்கம் பதிந்திருந்த 1 தெரிந்தது, பதிவேட்டில் நான் அழித்துவிட்டதாக எழுதிய அதே எண். அவர் கை ஒரு கணம் நின்றது. தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். பிறகு அதை வீசிவிட்டு அண்ணனின் நெஞ்சில் இரண்டு கையையும் வைத்து அழுத்த ஆரம்பித்தார். அவர் பார்த்த அந்தப் பார்வையில் கோபம் இல்லை, அதுதான் என்னை உலுக்கியது. கண்ணால் காண்பதை நம்ப முடியாத ஓர் ஆளின் பார்வை அது.

மூச்சு வந்தது. ஜீப்பில் போட்டு மார்த்தாண்டத்தில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். அன்று முழுவதும் கண் திறக்கவில்லை. மறுநாள் மத்தியானம் திறந்தார். பேச்சு குழறியது, வலது கை சரியாகத் தூக்க வரவில்லை. ஆனாலும் எங்களைத் தெரிந்தது. டாக்டர் என்ன நடந்தது என்று கேட்டபோது விட்டு விட்டுச் சொன்னார்.

"எறங்குனப்ப அழுகின முட்ட மாதிரி மணத்துது. ஏறிரலாம்னு நெனச்சேன். அப்ப பொட்டுன்னு மணம் நின்னுது. கரி பிடிச்சுப் போட்டுன்னு நெனச்சேன்... பின்ன ஒண்ணும் தெரியாது."

டாக்டர் எங்களை வெளியே அழைத்து விளக்கினார். அந்த வாயு அதிகமானால் முதலில் மூக்கைத்தான் சாகடிக்குமாம். மணம் நின்றுவிட்டது என்றால் ஆபத்து போய்விட்டது என்று அர்த்தமில்லை, ஆபத்து முற்றிவிட்டது என்று அர்த்தமாம். மணம் வராவிட்டால் முகமூடி சரி என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்தது எங்கள் கூடாரம். கரியை நம்பச் சொன்னது என் வாய். ஒரே ஒரு கேள்வி அவர் கேட்டிருந்தால், வீட்டில் ஒன்று கிடக்கிறது தம்பி, அதைப் போட்டுக்கொண்டு தொட்டியில் இறங்கலாமா என்று கேட்டிருந்தால், தம்பி வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் முடித்திருப்பார். அந்தக் கேள்வியைக் கேட்க விடாமல் அவர் வாயைக் கட்டினவளும் நான்தான்.

ஆஸ்பத்திரி நடையில் பெஞ்சில் உட்கார்ந்து தம்பியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதற்பலன், ஏலம், பதிவேட்டில் எழுதின பொய், வேலியோரம் அடித்த பெருமை, எல்லாம். என் கணவர் பக்கத்தில் நின்றார், தடுக்கவில்லை. தம்பி, "நான் மேலே சொல்லித்தான் ஆகணும் அக்கா" என்றார். சொன்னார். பத்தே நாளில் வந்து அச்சைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனார்கள். அதைப் பற்றி எனக்குப் புகார் கிடையாது.

ஆனால் ஆஸ்பத்திரியில் அன்றைக்கே தம்பி பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார். அண்ணன் கட்டிலுக்குப் பக்கத்தில் போய், "எந்தப் பக்கம் முதல்ல காத்து உள்ள வந்த மாதிரி இருந்துச்சு சார்? தாடையா, கன்னமா? எவ்வளவு நேரம் கழிச்சு?" என்று மெதுவாகக் கேட்க ஆரம்பித்தார். எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது.

"சாவக் கெடந்து எழும்பி வந்த மனுஷனிட்ட இதுவா கேப்பிய? நீங்களும் ஒரு தாய் பெத்த பிள்ளதானா?"

அவர் முகம் சிவந்தது. "இதைப் போட்டுக்கிட்டு நாளைக்கு ஒருத்தன் போவான் அக்கா. அவனுக்காகக் கேக்கறேன். உங்க முதல் பீஸ்ல என்ன தப்புன்னு எழுதினீங்களோ, அதேதான் நானும் எழுதறேன்" என்றார். என் வேலையைத்தான் அவரும் செய்துகொண்டிருந்தார்.

அண்ணன் இடது கையால் தன் தாடையைத் தொட்டுக் காட்டினார். தம்பி எழுதிக்கொண்டார்.

அக்கா இரண்டு நாளாக என்னிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. கட்டிலின் தலைமாட்டில், உள்ளங்கை இரண்டிலும் கயிறு அறுத்த காயத்துக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாங்கள் பேசினதை எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். தம்பி படிவத்தை மடித்தபோது கூப்பிட்டார்.

"தம்பி, ஒரு காரியம் கேக்கட்டா? பட்டாளத்துல இதப் போட்டுட்டுப் போற பிள்ளையளுக்கு இடுப்புல கயிறு கெட்டி விடுவினுமா?"

தம்பி திகைத்தார். "இல்லைங்க அக்கா. அங்கே அப்படியெல்லாம் கட்ட முடியாது" என்றார்.

அக்கா கட்டுப் போட்ட கைகளை மடியில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தார்.

"பின்ன ஆரு வலிப்பா?"